முப்பது செகண்ட் பேசாம இரு

வாங்க மேடம், வாங்க. போன்ல பேசினது நீங்கதான? ரெஜினா. வத்தலகுண்டுல தையல் கிளாஸ் நடத்துறீங்க. ஞாபகம் இருக்கு, ஞாபகம் இருக்கு. செருப்பு அங்கயே கிடக்கட்டும். இப்படி உக்காருங்க. அய்யோ, அந்தச் சேர் வேணாம், அது அசைஞ்சா கிறீச்சுனு கத்தும். இதுல உக்காருங்க.

வேர்க்குதா? ஃபேனா... ஃபேன் வேணாமே மேடம். கொஞ்சம் பொறுத்துக்கங்க. நீங்க மைக்கைக் கேட்டுப் பாத்துத்தான வாங்கப் போறீங்க? ஃபேன் ஓடினா அந்தச் சத்தந்தான் முதல்ல விழும். இந்த ரூம்ல ரெண்டு வருசமா ஃபேன் போட்டதில்ல. சித்திரை வெயிலுக்கும் போட்டதில்ல. ஸ்விட்சுகிட்ட கை போனாலே மனசு பதறுது, அப்படிப் பழகிப் போச்சு.

அது ஒண்ணுமில்ல, திரும்பிப் பாக்காதீங்க. என் வீட்டுக்காரம்மா. அடுப்படியில இருக்கா. ரெண்டு தட்டு தட்டினா என்னையக் கூப்புடுறான்னு அர்த்தம். டீ போட்டிருப்பா. இருக்கட்டும், என்ன அவசரம். கை தட்டுறது நான் சொல்லிக் குடுத்ததுதான் மேடம். படம் ஒரு மிஷின்ல எடுக்குறோம், சத்தம் ஒரு மிஷின்ல எடுக்குறோம். பின்னால ரெண்டையும் ஒட்டணும்ல? அதுக்கு ஆரம்பத்துல ஒரு தட்டு தட்டணும். கை சேர்ற படத்தையும் டப்புங்குற சத்தத்தையும் நேருக்கு நேர் வச்சா வாயும் பேச்சும் ஒட்டிக்கும். சினிமாவுல பலகை அடிப்பாங்கள்ல, அதே கணக்கு. அந்தப் பலகைக்கும் மூணு கொட்டேஷன் வாங்கினேன். அப்புறம் கை இருக்கும்போது பலகை எதுக்குன்னு விட்டுட்டேன்.

சிரிக்காதீங்க. நான் மில்லு ஸ்டோர்ல முப்பத்தோரு வருசம் இருந்தவன். ஸ்டோர் கீப்பர் சோலையப்பன்னா திண்டுக்கல்ல பாதிப் பேருக்குத் தெரியும். மூணு கொட்டேஷன் இல்லாம ஒரு போல்ட்டு நட்டு வாங்கினதில்ல. மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, இவன்ட்ட இது கூட, அவன்ட்ட அது குறைச்சல்னு கட்டம் போட்டு வச்சுத்தான் மேனேஜர்ட்ட போவேன். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நான் அளந்துட்டு, அளந்த படி சரியான்னு இன்னொரு தடவ அளப்பேன். கெட்டுப்போன பொருளையும் தூக்கி எறிய மாட்டேன். ‘கெட்டது’ன்னு சீட்டு ஒட்டி ஒரு மூலையில வச்சிருப்பேன். அது வேலைப் புத்தி. போகுமா?

உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க. தையல் சொல்லிக் குடுக்குற வீடியோ. அப்ப உங்களுக்குக் கேமரா பெரிய விசயமே இல்ல மேடம். மூஞ்சி எவனும் பாக்கப் போறதில்ல, கைதான் தெரியணும், ஊசி போற வழி தெரியணும். உங்க போனை மேலருந்து கீழ பாக்குற மாதிரி ஒரு கம்பியில மாட்டுங்க, போதும். சன்னல் பக்கம் மேசையப் போட்டு, வெயில் நேரா விழாம ஒரு வெள்ளை வேட்டியத் தொங்க விடுங்க. அதுக்கு மேல ஒரு லைட்டும் தேவையில்ல. காசு போடுறதா இருந்தா மைக்குல போடுங்க. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா சனம் பாக்கும். பேச்சு கேக்கலைன்னா அடுத்த நிமிசம் தள்ளி விட்டுட்டுப் போயிரும். வெட்டி ஒட்டுற சாஃப்ட்வேர் சும்மா கிடைக்கிறதே உங்களுக்குத் தாராளம். மாசா மாசம் பணம் கட்டுறதுல போய் மாட்டிக்காதீங்க, அது குடிக்கூலி மாதிரி, நிறுத்தினா நீங்க செஞ்சு வச்ச வேலையே உள்ள மாட்டிக்கும்.

பாருங்க, உங்களுக்கு ரெண்டு நிமிசத்துல சொல்லிட்டேன். இதைக் கத்துக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு. எதுக்குக் கத்துக்கிட்டேன்? அவளுக்காகத்தான். அவளுக்காகத்தான் எல்லாம். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல மேடம் அவ. ஒரு வார்த்தை. கட்டின புருசன், முப்பது வருசம். ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?

நீங்களே சொல்லுங்க. நான் நடந்ததச் சொல்றேன், நீங்க நியாயத்தச் சொல்லுங்க.

அவ பேரு அமிர்தவல்லி. ஸ்கூல்ல வல்லி டீச்சர். பத்தாப்புக்குக் கணக்கு. குரல்னா குரல், மேடம். காலையில பிரேயர்ல மைக்கு வேலை செய்யலைன்னா எச்.எம். இவளைத்தான் கூப்புடுவாரு. கேட்டுக்கு வெளிய ஐஸ் விக்கிறவருக்கும் கேக்கும், ஆனா காதுல அடிக்காது. கத்துற குரல் இல்ல. அது ஒரு மாதிரி... பக்கத்துல உக்காந்து உங்களுக்கு மட்டும் சொல்ற மாதிரி இருக்கும், அறுபது பேருக்கும் அப்படியே இருக்கும். எக்ஸுனு வரும்ல கணக்குல? புள்ளைங்க பயப்படும். இவ சொல்லுவா, ‘எக்ஸுங்கறது நம்ம வீட்டுக்கு வரப் போற விருந்தாளி. யாருன்னு தெரியாது. அவரு உக்கார இடம் வேணும். அதனால கூட இருக்குற சாமானையெல்லாம் ஒண்ணொண்ணா ஈக்வல்ங்குற வாசலுக்கு அங்கிட்டு தள்ளு. அவரைத் தனியா உக்கார வை. வை, வச்சிட்டியா? இப்ப யாருன்னு பாரு.’ அம்புட்டுதான். ஃபெயிலான பையனும் போட்டுருவான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால ஆனி மாசம். ரிசல்ட் வந்திருக்கு. இவ ஸ்கூல்ல பதினேழு பேரு கணக்குல மட்டும் போயிட்டாங்க. வந்து உக்காந்தா. ‘ஏங்க, நான் பாடத்த வீடியோவா எடுத்துப் போடட்டா? ஸ்கூலுக்கு வராம வேலைக்குப் போற புள்ளைங்களும் பாக்கும்ல. என் போன் இருக்கு, நீங்க புடிச்சுக்கங்க, நான் பேசுறேன்’ங்குறா.

போன்லயா? எனக்குச் சுருக்குனுச்சு. என் பொண்டாட்டி பாடம் நடத்துறத நாலு சனம் பாக்குது, அது போன்லயா? நான் ரிடையர் ஆகி அப்பத்தான் மூணு மாசம். ‘வல்லி, நீ பாடத்தப் பாரு. சாமான் எம் பொறுப்பு’ன்னேன். சரின்னா. சந்தோசமாத்தான் சொன்னா.

கேமராவுக்கு நாலு மாசம் ஆச்சு. ஆகாதா? ஒண்ணுல படம் நல்லாருக்கு, அரை மணி நேரத்துல சூடாகி நின்னுருது. ஒண்ணு நிக்காது, மைக்கு மாட்ட ஓட்டை இல்ல. மூணாவதுல எல்லாம் இருக்கு, பேட்டரி சென்னையிலதான் கிடைக்குது. கட்டம் போட்டேன். நாலாவதா ஒண்ணு புதுசா வந்துருச்சு, திரும்பக் கட்டம் போட்டேன். வாங்கின மறுமாசம் அதுலயே அடுத்தது வந்துருச்சு. அப்புறம் அதை நிறுத்துற முக்காலி. அப்புறம் லைட்டு. லைட்டு போட்டா போர்டு பளபளங்குது, எழுத்து தெரியல. வெள்ளை போர்டை மாத்திக் கரும்பலகை. கரும்பலகைன்னா அவ மூஞ்சி இருட்டாயிருது. அதுக்கு இன்னொரு லைட்டு.

அப்ப ஒருத்தன் சொன்னான், பச்சைத் துணி கட்டுங்க சார், கம்ப்யூட்டர் பச்சைய மட்டும் அழிச்சிரும், பின்னால என்ன வேணும்னாலும் போட்டுக்கலாம்னு. சின்னாளபட்டிக்கே போய்ப் பச்சைத் துணி எடுத்தாந்து இந்தச் சுவரு முழுக்க அடிச்சேன். ஆணி பாருங்க, இன்னும் இருக்கு. அவ ஸ்கூல்லருந்து வந்தா, முகம் கழுவினா, வந்து நின்னா. கட்டியிருந்தது பச்சைச் சேலை. நானும் கவனிக்கல, அவளும் கவனிக்கல. எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா தலை இருக்கு, ரெண்டு கை இருக்கு, நடுவுல ஆளக் காணோம். தலையும் கையும் தனியா மிதந்துக்கிட்டு எக்ஸைத் தள்ளி வைன்னு சொல்லுது. அவ சிரிச்சா பாருங்க, விழுந்து விழுந்து சிரிச்சா. தெருவுக்கே கேட்டுருக்கும். எனக்குக் கோவம் வந்துருச்சு. ஒரு நாள் வேலை போச்சேன்னு. அந்தச் சிரிப்பை நான் ரெக்கார்டு பண்ணல. அப்பத்தான் கேமராவ நிறுத்தியிருந்தேன்.

‘பந்தக்காலையே நட்டுக்கிட்டு இருக்கீங்களே, கல்யாணம் என்னைக்குங்க?’ன்னா ஒரு நாளு. கிண்டலாத்தான். எனக்கு அதுவும் சுருக்குனுச்சு.

மறுபடியும் தட்டுறாளா? கேட்டுச்சு, கேட்டுச்சு. டீ ஆறிடும்னு தட்டுறா. ஆறினா சூடு பண்ணிக்கலாம். நீங்க கைக்குட்டைய எடுத்து நல்லாத் துடைச்சுக்கங்க மேடம், வெக்கப்படாதீங்க. இங்க வர்ற எல்லாருக்கும் வேர்க்கும்.

சத்தத்துக்கு வர்றேன். நீங்க வாங்க வந்தது அதுதான. இந்த வீடு இருக்கே, பின்னால ரயில் கேட்டு, இடது பக்கம் பூட்டுப் பட்டறை, மேல காக்கா, அடுத்த வீட்டுல மாவு மில்லு. நம்ம காதுக்குத் தெரியாது, காது பெருந்தன்மையா விட்டுரும். மைக்கு விடாது. இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு மேடம். அதுக்கு முதல்ல வெறும் சத்தத்தக் கொஞ்சம் குடுக்கணும். யாரும் பேசாம, ரூமு தன்னால போடுற சத்தம். ரூமுக்குன்னு ஒரு சத்தம் இருக்கு, தெரியுமா உங்களுக்கு? அத ஒரு முப்பது செகண்ட் எடுத்து, இதெல்லாம் வேண்டாத சத்தம், எங்க இருந்தாலும் எடுத்துருன்னு சொன்னா எடுத்துரும். அதுலயும் ஒரு நுணுக்கம், ஆளு உள்ள இருக்கும்போது எடுக்கணும். ஆளில்லாத ரூமு வேற மாதிரி ஒலிக்கும். அதனால தினம் அவ வந்ததும் அந்த ஸ்டூல்ல உக்கார வச்சு, ‘முப்பது செகண்ட் பேசாம இரு வல்லி’ம்பேன். சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. நாளு பூராம் கத்திட்டு வந்தவ, கம்முன்னு இருப்பா. முப்பது செகண்ட் முடிஞ்சதும் நான் மைக்கை ரெண்டு இஞ்ச் தள்ளி வைப்பேன். திரும்ப முப்பது செகண்ட். எந்த இடத்துல குறைச்சலா இருக்குன்னு ஒப்பிட்டுப் பாக்கணும்ல? அப்புறம் பாத்தா ஆறு மணியாயிரும், அவளுக்கு உலை வைக்கணும், பாடம் நாளைக்கின்னு ஆயிரும்.

ஒரே ஒரு தடவ நடுவுல வாயத் திறந்துட்டா. நல்லாப் போய்க்கிட்டு இருக்கு, சத்தம் காட்டுற மீட்டர்ல பச்சைக் கோடு அடியில கிடக்கு, கிடைச்சிருச்சு இன்னைக்குன்னு நினைக்கிறேன், சடார்னு கோடு மேல ஏறுது. என் காதுல ஹெட்போன் இருக்கு, அதுல முந்தின நாள் ஃபைல் ஓடிக்கிட்டு இருக்கு, ஒப்பிட்டுப் பாக்க. அதனால என்ன பேசினான்னு கேக்கல. கோடு ஏறினதத்தான் பாத்தேன். கத்திட்டேன். கத்தினது தப்புதான், ஒத்துக்கறேன். அப்புறம் அவ முப்பது செகண்டுல வாயே திறந்ததில்ல. அந்த விசயத்துல தங்கம்.

கொஞ்ச நாள்ல ‘இன்னைக்கு லேட்டாகும்’னா. ஸ்கூல்ல ஸ்பெஷல் கிளாஸுன்னா. மூணு வாரம் தினம் லேட்டு. நான் இங்க உக்காந்து மைக்கைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன்.

எனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு தெரியுமா? மில்லு கேன்டீன்ல. பழைய ஆளுங்களப் பாக்கப் போயிருந்தேன். டீ ஊத்துறவரு சொல்றாரு, ‘அண்ணே, உங்க வீட்டு டீச்சரம்மா வீடியோ அருமைண்ணே, எம் மக அதையே பாத்துக்கிட்டு இருக்கா’ங்குறாரு. எந்த வீடியோன்னேன். அவரு போன எடுத்துக் காமிச்சாரு.

இருபத்து மூணு வீடியோ மேடம். பத்தாப்பு சி பிரிவு கிளாஸ்ரூமுல, ஸ்கூல் விட்ட பிறகு. போன்ல. எடுத்தது யாரு? அவங்க பீட்டி சார், அருளானந்துன்னு. அந்த ஆளு பந்து விளையாட்டு சொல்லிக் குடுக்குறவரு. அவருக்குக் கேமராவப் பத்தி என்ன தெரியும்? போன் சாஞ்சிருக்கு. எதுல சாஞ்சிருக்குன்னா டிபன் பாக்ஸ் அடுக்குல. பாதி வீடியோவுல ஓரத்துல சில்வர் மூடி மினுங்குது. காக்கா கத்துது. சத்துணவுப் பாத்திரம் கழுவுற சத்தம். பதினொண்ணாவது வீடியோவுல எவனோ விசில் ஊதுறான், இவ அதுக்கு, ‘ஆ, ரயில் வந்துருச்சு, விருந்தாளி இறங்கிட்டாரு’ன்னு சொல்லிட்டு மேல போறா. நான் இருந்தா அத வெட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து இருபத்து மூணையும் பாத்துக் கட்டம் போட்டேன். எந்தெந்த வீடியோவுல என்னென்ன குறைன்னு. நாலு பக்கம் வந்துச்சு. அவகிட்ட நீட்டினேன். வாங்கிப் படிச்சா. ‘எல்லாம் சரிதாங்க’ன்னா. மடிச்சு, சாமி படத்துக்குப் பின்னால வச்சிட்டா. அம்புட்டுதான். எனக்குச் சண்டை போடக்கூட ஆளில்லாமப் போச்சு.

அந்த ஞாயித்துக்கிழமைதான் சொல்றா, நாளைக்கு மதுரையில ஆபரேசன்னு. கழுத்துல கட்டியாம். தைராய்டு. அவ தங்கச்சியக் கூட்டிக்கிட்டு நாலு தடவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருக்கா. எல்லா டெஸ்டும் முடிஞ்சிருச்சு. குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டியிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு, குரல் போனாலும் போகலாம்னு முதல்லயே டாக்டர் சொல்லிட்டாராம். அதுக்கு முன்னால பாடத்த முடிச்சிரணும்னுதான் அந்த மூணு வாரம். பீட்டி சாருக்குத் தெரிஞ்சிருக்கு. எச்.எம்.முக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல.

‘ஏன்டி எங்கிட்ட சொல்லல?’ன்னு கேட்டேன். ஆத்திரம் வருமா வராதா? அவ என்னையப் பாத்தா. ‘சொன்னேங்க’ன்னா. எப்ப சொன்ன, என்னைக்குச் சொன்ன, எந்த இடத்துல வச்சுச் சொன்னன்னு கேக்குறேன். பைக்குள்ள துணிய மடிச்சு வச்சுக்கிட்டு இருக்கா. ‘சொன்னேங்க’. அவ எங்கிட்டக் குரலோட பேசினதுல கடைசியா எனக்கு நல்லா ஞாபகம் இருக்குறது அந்த வார்த்தைதான். அது பச்சைப் பொய். சொன்னா எனக்குத் தெரியாதா? அப்படிப்பட்ட விசயத்தச் சொன்னா எந்தப் புருசனுக்காவது மறக்குமா?

எட்டு மாசம் ஆச்சு. கட்டி போச்சு, வியாதி இல்ல, அந்த மட்டுக்கும் சாமி காப்பாத்துச்சு. குரல் வரல. காத்து மட்டும் வருது. சைக்கிள் டயருல காத்து இறங்குற மாதிரி. ஸ்கூல்ல லைப்ரரியில உக்கார வச்சிருக்காங்க. ஆறு மாசத்துல வரும், ஏழு மாசத்துல வரும்னாங்க, நானும் இந்த மைக்கை உறையிலருந்து எடுக்காம வச்சிருந்தேன், வந்ததும் ஒழுங்கா எடுக்கலாம்னு. போன மாசம் டாக்டர் இனிமே எதிர்பாக்காதீங்கன்னுட்டாரு. வந்து ஒரு பேப்பர்ல எழுதிக் காமிச்சா, ‘அந்தச் சாமானையெல்லாம் வித்துருங்க, யாராவது பேசுறவங்களுக்குப் பிரயோசனப்படட்டும்’னு.

இருபத்து மூணும் இருக்குல்ல, அதையாவது சுத்தம் பண்ணி வைப்போம்னு பாத்தேன் மேடம். காக்காவை மட்டும் எடுத்துட்டா போதும்னு. எடுத்தேன். காக்கா போகுது, கூடவே அவ குரலும் என்னமோ பானைக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிருது. இன்னும் கொஞ்சம் எடுத்தா அவளே போயிடுறா. விட்டுட்டேன். காக்காவும் இருக்கட்டும், பாத்திரம் கழுவுறவங்களும் இருக்கட்டும். எனக்கு இப்ப எதுலயும் சலிப்பாப் போச்சு. எந்திரிச்சா உக்காரணும்னு இருக்கு, உக்காந்தா எந்திரிக்கணும்னு இருக்கு. ஆனா அந்த ஒண்ணு மட்டும் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. ஒரு வார்த்தை சொல்லிருந்தா, நான் அன்னைக்கே எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு போனை எடுத்துருக்க மாட்டேனா?

சரி, சரி, உங்க வேலையப் பாப்போம். இந்தாங்க, இதான் ரெக்கார்டர். புதுசு மாதிரி இருக்கா? துணியிலதான் சுத்தி வச்சிருந்தேன். இது மைக்கு. இந்த ஹெட்போனை மாட்டிக்கங்க. காதை நல்லா மூடட்டும், தோட்டைக் கழட்ட வேணாம். நான் எடுத்த வெறும் சத்தம் பூராம் கார்டுலயே இருக்கு. பதினெட்டு நாளைக்குப் பதினெட்டு ஃபைல். ஒண்ணையும் அழிக்கல, சொன்னேன்ல. கெட்டுப் போனதும் அதுலயே கிடக்கும். எதையாவது ஒண்ணத் தொட்டுக் கேளுங்க. ஒண்ணுமே கேக்காது, அதுதான் விசயம். எவ்வளவு சுத்தமா ஒண்ணுமே கேக்கலன்னு பாருங்க.

கேக்குதா?

என்ன மேடம்? ஏன் கழட்டுறீங்க? சத்தம் இரையுதா? ஒயரு லூசா? இல்லையே... எங்கிட்டக் குடுக்குறீங்க? நான் கேக்கணுமா? நான் கேட்டதுதான மேடம், நூறு தடவ. எந்த ஃபைலத் தொட்டீங்க? பதினொண்ணு. அது ‘கெட்டது’ன்னு எழுதியிருப்பேனே. அன்னைக்கு அவ நடுவுல பேசி... சரி, குடுங்க, குடுங்க.

...

இருங்க. திரும்ப ஒரு தடவ போடுறேன்.

...

ஒரு காக்கா இல்ல மேடம். ரயில் இல்ல, பட்டறை இல்ல. எம்புட்டு சுத்தமா இருக்கு. அவ எச்சி முழுங்குறது கூடக் கேக்குது.

‘ஏங்க, ஒண்ணு சொல்லணும்’ங்குறா. ‘இன்னைக்கு மதுரைக்குப் போயிருந்தேன். கழுத்துல கட்டியாம். எடுத்தா குரல் போனாலும் போகுங்குறாங்க. எனக்குப் பயமா இருக்குங்க. அதுக்குள்ள பாடத்தையாச்சும் எடுத்துருவோம், போன்லயாச்சும்’ங்குறா.

அதுக்கு மேல நான். என் குரலுதான் அது. ‘ப்ச், ஏறிப் போச்சு பாரு. உனக்கு எத்தன தடவ சொல்றது, முப்பது செகண்ட் பேசாம இருன்னு’.

‘சரிங்க’ங்குறா.

அப்புறம் முப்பது செகண்டும் உக்காந்திருக்கா. ஒரு வளையல் சத்தம் மட்டும் வருது, சாக்பீஸை இந்தக் கையிலருந்து அந்தக் கைக்கு மாத்துறா போல.

சொல்லியிருக்கா மேடம். இந்த ஸ்டூல்ல உக்காந்து, என் எதிர்க்க, நாலடி தூரத்துல. சொல்லித்தான் இருக்கா. நான் சீட்டு ஒட்டி வச்சிருக்கேன்.

என்ன... அடுப்படிப் பக்கம் கையக் காட்டுறீங்க? தட்டுறாளா? இப்பவா? எத்தன தடவ? நான் ஹெட்போன்ல இருந்தேன், எனக்குக் கேக்கல.

நீங்க உக்காருங்க மேடம். அந்த ஸ்விட்சு உங்களுக்குப் பின்னாலதான் இருக்கு, எட்டி ஃபேனைப் போட்டுக்கங்க. அவ கூப்புடுறா. என்னன்னு கேட்டுட்டு வந்துர்றேன்.